கையெழுத்துப் போடும் முன், கண்ணை மூடும் முன்

(ரிங்லெட் வட்டாரத் தோட்ட மக்களுக்காக ஆலய மண்டபம் ஒன்றில் நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மழையிலும் தாப்பா ரோட்டுப் பக்கத்திலிருந்தும் பெர்த்தாம் வேலியிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். தாய்மார்கள் காலையில் கொழுந்துக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். நானும் லயத்து வீட்டில் பிறந்தவன்தான். 1990-களில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் மரக்கறி ஏற்ற ஒரு வேன் எடுத்தார். "மாமா, சும்மா ஒரு கையெழுத்து" என்று பாரத்தை நீட்டினார். மலாயில் 'பெஞ்சாமின்' என்று போட்டிருந்த இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்கு மலாய் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. நல்ல பையன், தினமும் முகம் பார்க்கிற பையன், எப்படி மாட்டேன் என்பது?

அந்த அண்ணன் இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு வியாபாரம் படுத்தது. குடும்பத்தோடு சிங்கப்பூர் பக்கம் போய்விட்டார். கடிதங்கள் எங்கள் பழைய விலாசத்துக்கு வந்தன. நாங்கள் அதற்குள் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டோம். அப்பாவை நேரில் பிடிக்க முடியவில்லை என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டு வழக்கை நடத்தி முடித்துவிட்டார்கள். அப்பா அந்தப் பத்திரிகையை வாங்கியதே இல்லை.

ஓய்வு பெற்றதும் பழநிக்குப் போக வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருந்தார். விமான நிலையத்தில் குடிநுழைவு முகப்பில் நிறுத்தினார்கள். "பாக்சிக், நீங்கள் திவால்" என்றார்கள். அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் 10,000 வெள்ளி கடன் இருந்தாலே ஒருவரைத் திவாலாக்கலாம். அப்பா 2009-இல் காலமானார். அதுவரை பழநியைப் பார்க்கவில்லை. நான் சட்டம் படித்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். உண்மையான காரணம் அந்த முகப்புதான்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

அப்பா காலத்துச் சட்டம் இன்று மாறியிருக்கிறது. நல்லபடியாகவே மாறியிருக்கிறது. ஆனால் நம் மக்களுக்கு அது வந்து சேரவில்லை.

10,000 வெள்ளி என்ற வரம்பு 2003-இல் 30,000 ஆனது. 2017 அக்டோபர் 6 முதல் 50,000. இப்போது 1 லட்சம் வெள்ளி. கடன் தொகை 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் உங்களைத் திவாலாக்க முடியாது. ஆனால் வட்டி ஏறும் என்பதை மறக்க வேண்டாம். இன்று 80,000 இருப்பது நாளை வரம்பைத் தாண்டலாம்.

2017-இல் இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. லாப நோக்கமில்லாமல், பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ, சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காடிக்கோ, குடியிருக்க வாங்கும் வீட்டுக்கோ ஜாமீன் போட்டவரைச் சட்டம் 'சமூக ஜாமீன்தாரர்' என்கிறது. அவரைத் திவாலாக்கவே முடியாது. மற்ற ஜாமீன்தாரர்கள் மீது வர வேண்டுமென்றால் வங்கி முதலில் கடன் வாங்கியவரிடம் எல்லா வழியிலும் வசூலிக்கப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேல் நீதிமன்றத்தின் அனுமதியும் வாங்க வேண்டும்.

இதைக் கேட்டு "அப்பாடா" என்று மூச்சு விட்டுவிடாதீர்கள். இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, வியாபாரத்துக்கு எடுக்கும் லோரிக்கும் வேனுக்கும் கடைக் கடனுக்கும் போடும் ஜாமீன் இந்தப் பாதுகாப்பில் வராது. என் அப்பா போட்டது அந்த வகைதான். இரண்டு, திவாலாக்க முடியாது என்றால் கடனே இல்லை என்று அர்த்தமில்லை. சமூக ஜாமீன்தாரர் மீதும் வழக்குப் போடலாம். மாதத் தவணையில் கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். சொத்து இருந்தால் அதன் மேல் கை வைக்கலாம்.

ஆகவே யாராவது பாரத்தை நீட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கடன் முழுவதையும் நானே கட்ட வேண்டி வந்தால் என்னால் முடியுமா?" முடியாது என்றால் போடாதீர்கள். உறவு போய்விடுமே என்பீர்கள். கடன் முறிந்த பிறகு அந்த உறவு எப்படியும் நிற்காது. இன்று ஒரு நாள் கோபம், அவ்வளவுதான்.

கடிதம் வந்தால் ஒளிக்காதீர்கள்

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வங்கிக் கடிதம் வந்தால் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது. சாமி அதைப் படிக்க மாட்டார்.

திவால் நோட்டீஸ் கையில் கிடைத்தால் உங்களுக்கு இருப்பது 7 நாள். அதற்குள் பணம் கட்ட வேண்டும், அல்லது பேசித் தீர்க்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். அந்த 7 நாளில் ஒரு வழக்கறிஞரையோ சட்ட உதவி இலாகாவையோ போய்ப் பாருங்கள்.

உண்மையில் அதுவரை விடவே கூடாது. இரண்டு மாதத் தவணை தடுமாறும்போதே ஏ.கே.பி.கே.க்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. இலவசம். உங்கள் வங்கிக் கடன்களை எல்லாம் வரிசைப்படுத்தி, உங்கள் சம்பளத்துக்குத் தகுந்த தவணையாக மாற்ற வங்கிகளோடு அவர்களே பேசுவார்கள். "கடனைத் தீர்த்துத் தருகிறோம், முதலில் 3,000 வெள்ளி கட்டுங்கள்" என்று முகநூலில் விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள்.

காடித் தவணை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு மாதத் தவணை கட்டாவிட்டால்தான் காடியை இழுக்கலாம். அதற்கும் முன்கூட்டியே 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் நீங்கள் கட்டி முடித்திருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காடியைத் தொடக் கூடாது. காடி எடுத்தவர் இறந்துவிட்டால் இரண்டு மாதம் நான்கு மாதமாகிறது. துக்க வீட்டில் வந்து சாவியைக் கேட்பவனிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே திவாலானவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம். உங்களுக்கும் வழி இருக்கிறது. முதல் வேலை, நொடிப்பு இலாகாவில் உங்கள் வரவு, கடன், சொத்து விவர அறிக்கையைக் கொடுப்பது. அதைக் கொடுத்த தேதியிலிருந்து மூன்று ஆண்டில், நிபந்தனைகளை நிறைவேற்றினால், தானாகவே விடுபடும் வழி சட்டத்தில் இருக்கிறது. அறிக்கை கொடுக்காமல் 20 வருடம் பயந்து ஒதுங்கியிருந்தாலும் அந்தக் கடிகாரம் ஓடாது. பழைய காலத்தில் சமூக ஜாமீன் போட்டுத் திவாலானவர்கள், ஊனமுற்றவர்களாகப் பதிந்தவர்கள், கடும் நோயாளிகள் ஆகியோரை இலாகாவின் தலைமை இயக்குநர் விடுவிக்கும்போது கடன் கொடுத்தவர் மறுப்புச் சொல்ல முடியாது. 2023-இல் செய்த திருத்தத்தில் மனநலம் குன்றியவர்களையும், பணம் கட்ட இயலாத 70 வயதைக் கடந்தவர்களையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. உங்கள் இ.பி.எஃப். கணக்கில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் யாரும் பிடிக்க முடியாது. அதைச் சட்டம் காக்கிறது. அவசரப்பட்டு அதை எடுத்து ஆலோங்கிடம் கொடுத்துவிடாதீர்கள். லைசென்ஸ் உள்ள வட்டிக் கடைக்காரர் அடகு இருந்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடகு இல்லாவிட்டால் 18 விழுக்காடு, அதற்கு மேல் வாங்கக் கூடாது. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. லைசென்ஸ் இல்லாதவன் கொடுத்த கடனை நீதிமன்றத்தில் கேட்க அவனுக்கு உரிமையே இல்லை. மிரட்டினால் போலீஸில் புகார் செய்யுங்கள். ஏ.டி.எம். கார்டையும் மைகாட்டையும் யாரிடமும் அடகு வைக்காதீர்கள்.

தாய்மார்கள் பிடிக்கும் கூட்டுப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்று 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. கூட்டுத் தலைவி ஓடிப்போனால் உங்களுக்காக நான் வாதாட ஆசைப்பட்டாலும் கையில் பிடிக்க எதுவும் இருக்காது.

"பேர் மட்டும்தான் உன்னது"

இப்போது சிறு வியாபாரம். நாசி லெமாக் கடை, தையல் கடை, மரக்கறி விற்பனை என்று நம் பெண்கள் நிறையத் தொடங்குகிறார்கள். நல்லது. தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்கு வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவு இருந்தால்தான் தெக்குன் போன்ற இடத்தில் கடனும் கேட்க முடியும்.

ஆனால் இப்படிப் பதிந்த வியாபாரத்தில் கடை வேறு, நீங்கள் வேறு இல்லை. கடையின் கடன் உங்கள் கடன். கூட்டு வியாபாரமாக இருந்தால் கூட்டாளி வைத்த கடனுக்கும் நீங்கள் பொறுப்பு. செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனியாக இருந்தால் கடன் கம்பெனியோடு நிற்கும். 2017 முதல் ஒரே ஆள் கூட அதைத் தொடங்கலாம், பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. ஆனால் வங்கி விடாது. டைரக்டரை ஜாமீன் போடச் சொல்லும். போட்டால் மறுபடியும் பழைய கதைதான்.

என்னிடம் வரும் வழக்குகளில் மனத்தை அதிகம் வருத்துவது இதுதான். கணவருக்கு ஏற்கெனவே கடன் பிரச்சினை. அவர் பெயரில் எதுவும் எடுக்க முடியாது. "பேர் மட்டும்தான் உன்னது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மனைவி பெயரில் கடையைப் பதிகிறார், லோரி எடுக்கிறார், சாமான் கடன் வாங்குகிறார். ஒரு நாள் அவர் வீட்டை விட்டே போய்விடுகிறார். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே இராத அந்த அக்கா நீதிமன்றத்தில் நிற்கிறார். "எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா" என்கிறார். பேர் உன்னது என்றால் கடனும் உன்னது. சட்டம் இப்படித்தான் பார்க்கிறது.

ஆகவே அக்காமார்களே, தங்கச்சிமார்களே, பேர் உங்களுடையது என்றால் வங்கிப் புத்தகமும் உங்கள் கையில் இருக்கட்டும். வியாபாரத்தை நிறுத்தினால் பதிவையும் ரத்து செய்யுங்கள்.

நிலம்: காகிதத்தைப் படியுங்கள்

1929-இல் ரஸ்ஸல் துரை போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் தொட்டு நம் தாத்தா பாட்டிகள் இந்த மலையில் உழைத்தார்கள். ஆனால் லயத்து வீடு நம்முடையது இல்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அதனால்தான் ஓய்வுப் பணம் கையில் வந்ததும் நம் மக்கள் ஒரு வீடோ ஒரு துண்டு மரக்கறி நிலமோ வாங்கத் துடிக்கிறார்கள். ஏமாறும் இடமும் அதுதான்.

கேமரன் மலையில் மரக்கறி போடும் நிலத்தில் பெரும்பகுதி நெடுங்காலம் டி.ஓ.எல். என்னும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருந்தது. இந்த உரிமத்தைப் பற்றித் தேசிய நிலச் சட்டம் சொல்லும் மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். அந்தந்த ஆண்டு முடிவோடு அது முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் அவரோடு இறந்துவிடும்.

இதன் அர்த்தம் என்ன? 30 வருடம் பாடுபட்டு மண் கொட்டி, குழாய் போட்டு, பிளாஸ்டிக் கூரை அடித்த தோட்டத்தை அப்பா உயிலில் எழுதி வைத்தாலும் அது மகனுக்குப் போகாது. "டி.ஓ.எல். நிலம், 40,000 வெள்ளி, சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை குத்தித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த முத்திரைக்கு மதிப்பு இல்லை. விற்க முடியாததை அவர் விற்கிறார். இப்போது உங்கள் கையில் இருப்பது டி.ஓ.எல்.லா, குறுகிய காலக் குத்தகையா, கிராண்டா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். குத்தகை என்றால் எத்தனை ஆண்டு, மாற்ற அனுமதி உண்டா, இறந்தால் என்ன ஆகும் என்று படித்துச் சொல்ல ஆள் தேடுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே மகன் நில அலுவலகத்தில் போய்க் கேட்டு வைப்பது நல்லது.

கிராண்ட் உள்ள வீடோ நிலமோ வாங்கினால், பணம் கொடுக்கும் முன் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' எடுங்கள். இன்றைய உரிமையாளர் யார், வங்கியில் அடமானம் இருக்கிறதா, கேவியட் போட்டிருக்கிறதா, குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு எல்லாம் அதில் தெரியும்.

இன்னொரு தப்பெண்ணம். "வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, ஒருவர் போனால் மற்றவருக்குத் தானாக வந்துவிடும்" என்கிறார்கள். மலேசியாவில் நிலத்துக்கு அப்படி வராது. இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளுக்குப் போகும். மனைவி அவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

உயில் இல்லாவிட்டால்

உயில் எழுதாமல் இறந்தால் யாருக்கு எவ்வளவு என்பதைப் பங்கீட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது. நம்மைப் போன்ற முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஒரு கணக்குப் போடுவோம். கணவர் இறந்துவிட்டார். 1 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி பெறுமானமுள்ள வீடு. மனைவி, மூன்று பிள்ளைகள், கணவரின் தாயார் இருக்கிறார்கள். மனைவிக்குக் கால் பங்கு, 30,000. தாயாருக்குக் கால் பங்கு, 30,000. பிள்ளைகளுக்குப் பாதி, ஆளுக்கு 20,000. தாய் தகப்பன் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. வீடு மனைவி உழைப்பிலும் கட்டியதாக இருக்கலாம். சட்டம் அதைக் கேட்காது.

பிறகு மாமியாரும் உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் அந்தக் கால் பங்கு கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் பிரிகிறது. ஐந்து பேர் கையெழுத்து பத்துப் பேர் கையெழுத்தாகிறது. ஒருவர் ஜொகூரில், ஒருவர் லண்டனில், ஒருவர் பேசுவதே இல்லை. தாத்தா பெயரிலேயே இன்னும் கிடக்கும் கிராண்டுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

உயில் இல்லாமல் வீடு நிலம் விட்டுப்போனவர்களின் குடும்பம் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. சொத்தின் மொத்த மதிப்பு 5 மில்லியன் வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் பாரம் ஏ கொடுத்து முடித்துக்கொள்ளலாம். 2024-க்கு முன் இது 2 மில்லியன். நம் வீடுகள் எல்லாம் இதில் அடங்கும். வீடு நிலம் இல்லாமல் வங்கிப் பணம் போன்றவை மட்டும் இருந்து, 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால் அமானா ராயாவை அணுகலாம். இந்த நாட்டில் 1991 நவம்பருக்குப் பிறகு மரண வரியும் இல்லை. ஆகவே "செலவாகுமே" என்று தள்ளிப்போட வேண்டாம்.

உயில் எழுதுவது இதைவிட எளிது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடன் இருக்க, அவர்கள் முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் முன்னால் அவர்களும் போட வேண்டும். பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அந்தப் பங்கு போய்விடும். மகளுக்கு எழுதும் உயிலில் மருமகனைச் சாட்சி போட வைக்காதீர்கள். உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் பழைய உயில் செல்லாது. புதிதாக எழுத வேண்டும்.

"இப்போதே மகன் பெயருக்கு மாற்றிவிடுகிறேன்" என்று சில பெரியவர்கள் வருவார்கள். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தால் 2023 ஏப்ரல் முதல் 1 மில்லியன் வெள்ளி வரை முத்திரை வரி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் மாற்றிய நாள் முதல் அது மகனின் வீடு. மகன் திவாலானால் வீடு போகும். உயிலை நாளைக்கே மாற்றி எழுதலாம், கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்க முடியாது.

இ.பி.எஃப்., இன்சூரன்ஸ், கல்யாணப் பத்திரம்

தோட்டத் தொழிலாளிக்கு உண்மையான சொத்து இ.பி.எஃப்.தான். அதில் யாரை நியமித்திருக்கிறீர்கள்? 20 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா பெயரைப் போட்டவர்கள் எத்தனை பேர்? யாரையும் போடாதவர்கள் எத்தனை பேர்? கல்யாணம் ஆனதும், நியமித்தவர் இறந்ததும், புதிதாகப் பதியுங்கள். இன்சூரன்ஸில் கணவன், மனைவி, பிள்ளைகளை நியமித்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சேரும், இறந்தவரின் கடன்காரர்கள் தொட முடியாது. அண்ணன் தம்பியை நியமித்தால் அவர் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. வீட்டுக் கடன் இருந்தால் கடனோடு எடுத்த காப்புறுதி உண்டா என்று வங்கியில் கேளுங்கள். இருந்தும் கேட்காமல் தவணை கட்டிக்கொண்டிருந்த விதவைகளைக் கண்டிருக்கிறேன்.

கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் முதல் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு இல்லாவிட்டால் கணவர் இறந்த மறுநாள் "நீ யார்?" என்ற கேள்வி வரும். சொக்சோ பணம், வீடு, பிள்ளைகளின் உரிமை எல்லாவற்றிலும் அது வரும். 25 வருடம் சேர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்கச் சாட்சி தேடி அலைய வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வீட்டுக்குப் போனதும் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுங்கள். அடையாள கார்டு நகல், பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், கிராண்ட் அல்லது உரிமம், இ.பி.எஃப். அறிக்கை, இன்சூரன்ஸ், கடன் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

அடுத்து, விலாசம் மாறியிருந்தால் பதிவு இலாகாவிலும் வங்கியிலும் மாற்றுங்கள். எங்காவது ஜாமீன் போட்டிருக்கிறீர்களா என்று யோசித்து, அந்தக் கடன் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று விசாரியுங்கள். நொடிப்பு இலாகாவில் உங்கள் பெயரைச் சோதித்துப் பார்க்கலாம். இறந்தவர்களின் பழைய கணக்கில் பணம் கிடந்தால் அது கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போயிருக்கும். அக்கவுண்டண்ட் ஜெனரல் இலாகாவில் விண்ணப்பித்து வாரிசுகள் கேட்டு வாங்கலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அப்பா அம்மாவுக்கு மலாய்ப் பாரம் படிக்க வராமல் இருக்கலாம். உங்களுக்கு வருகிறது. அவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டுங்கள். என் அப்பா அந்தப் பாரத்தில் கையெழுத்திட்டபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்கும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி கேள்விகளுக்கு வருவோம். காகிதம் கொண்டு வந்தவர்கள் முன்னால் வாருங்கள்.